ஆட்டத்தில் கடினம் எங்கே இருக்க வேண்டும்: கேம் உருவாக்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தில் கோடை விடுமுறை நாட்களில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிலருக்கு வீடியோ கேம் உருவாக்கக் கற்றுத் தருகிறேன். முதல் கேமை முடித்த கையோடு அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “சார், இது ரொம்ப ஈஸியா இருக்கு, கஷ்டமாக்குறது எப்படி?” கேள்வியோடு விடையையும் அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள். எதிரியின் வேகத்தைக் கூட்டுவது, எதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது, உயிர்களைக் குறைப்பது. இம்மூன்றும் ஒரு கேமைக் கடினமாக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தோற்றவர் இன்னொரு முறை முயல்வாரா, கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவாரா என்பது, எவ்வளவு கடினம் என்பதைக் காட்டிலும் அந்தக் கடினம் ஆட்டத்தின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, கேம் உருவாக்கப் பயன்படும் கோடோ மென்பொருளில் நாங்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு கேமைச் சொல்கிறேன். அதற்கு ‘மடை’ என்று பெயர் வைத்தோம். கல்லணையைப் போன்ற ஒரு தலைப்பு அணையிலிருந்து ஆறு பிரிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்கால்களின் இருபுறமும் ஊர்கள். விளையாடுபவர் விரலால் தொட்டு மதகுகளைத் திறந்து மூட வேண்டும். பயிர் வாடுவதற்குள் ஒவ்வொரு ஊருக்கும், முக்கியமாக வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊர்களுக்கு, தண்ணீர் போய்ச் சேர வேண்டும். குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பருவங்களின் பெயரில் ஆட்டத்துக்கு மூன்று பகுதிகள். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த ஆட்டம், நாங்கள் அறியாமலேயே ஏழெட்டு விதமான கடினங்களைத் தனக்குள் வைத்திருந்தது. அவற்றுள் நாங்கள் வேண்டுமென்று வைத்தது ஒன்றே ஒன்றுதான்.

ஒரு வாக்கியம் எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதுங்கள்: என் ஆட்டத்தில் விளையாடுபவர் எடுக்க வேண்டிய முடிவு என்ன? ‘மடை’க்கு நாங்கள் எழுதியது, “இருக்கிற தண்ணீரை எந்த ஊருக்கு முதலில் விடுவது” என்பது. இந்த வாக்கியம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த முடிவை எடுப்பது கடினமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அதைத் தவிர மற்ற அனைத்தும், அதாவது எழுத்தைப் படிப்பது, மதகைத் தொடுவது, எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்வது, தோற்றபின் மறுபடி தொடங்குவது ஆகிய எல்லாம், எவ்வளவு எளிதாக்க முடியுமோ அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் கேம் இன்னும் உருவாகவில்லை என்று பொருள். அந்த நிலையில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதால் பயன் இல்லை.

கடினம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள்

கைக்கும் கண்ணுக்கும் வரும் கடினத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கைப்பேசித் திரையில் படம் பொதுவாக நொடிக்கு 60 முறை மாறுகிறது. அப்படி மாறும் ஒரு படத்துக்கு, அதாவது ஒரு ஃபிரேமுக்கு, ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. கண்ணால் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்குக் கால் நொடி, அதாவது 250 மில்லி நொடி அளவு தேவைப்படுகிறது. ஒரு தடை திரையின் வலது ஓரத்தில் தோன்றி, 960 பிக்சல் தொலைவில் இருக்கும் நாயகனை நோக்கி நொடிக்கு 1920 பிக்சல் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அரை நொடியில் மோதிவிடும். அதில் கால் நொடி கண்ணுக்கும் விரலுக்கும் போய்விட்டது. விலை குறைந்த கைப்பேசியில், தொட்டதைத் திரை உணர்ந்து காட்டுவதற்கு இன்னும் பத்தில் ஒரு நொடி போகலாம். மீதமிருப்பது 150 மில்லி நொடி, அதாவது 9 ஃபிரேம். அதற்குள் குதிப்பதா குனிவதா என்று விளையாடுபவர் முடிவும் செய்ய வேண்டும் என்றால், அவர் தடையைப் பார்த்து ஆடவில்லை, தடை வரும் இடத்தை மனப்பாடம் செய்துதான் ஆடுகிறார். மனப்பாடம்தான் உங்கள் நோக்கம் என்றால் சரி. இல்லையென்றால் தடையை முன்கூட்டியே காட்டுங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில் 55 எதிரிகள். அத்தனை பேரையும் வரைந்து நகர்த்தும் அளவுக்கு அன்றைய கணினிக்கு வேகம் போதவில்லை. அதனால் எதிரிகள் மெல்ல நகர்ந்தார்கள். சுடச் சுட எண்ணிக்கை குறைந்தது, வேலை குறைந்தது, மீதமிருந்தவர்கள் வேகமெடுத்தார்கள். தற்செயலாக வந்த இந்தப் பண்பை நிஷிகாடோ அப்படியே விட்டுவைத்தார். வெற்றி நெருங்க நெருங்க ஆட்டம் இறுகுகிறது, அந்த இறுக்கத்தை உண்டாக்கியதும் விளையாடுபவரின் வெற்றிதான். வேகத்தைக் கூட்ட விரும்புகிறவர்கள் இதைப் பின்பற்றலாம்: கடிகாரம் ஓடுகிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டாமல், விளையாடுபவர் செய்த ஒன்றின் விளைவாகக் கூட்டுங்கள்.

அடுத்தது, மூளைக்கு வரும் கடினம். இதற்கு வேகமே தேவையில்லை. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். எல்லாம் கண் முன்னே தெரிகின்றன, மறைவாக ஒன்றும் இல்லை, யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் புதிதாக ஆடு வைப்பவர் முதல் சில ஆடுகளைப் பறிகொடுத்துவிட்டுத்தான் பாடம் கற்கிறார். 15 ஆடுகளையும் வைத்து முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது என்பதால், முதல் பாதியில் புலிக்கு ஆட்டம் எளிது. ஆடுகள் நிறைந்தபின் புலிக்கு நகர இடம் இல்லாமல் போகிறது. ஒரே ஆட்டத்துக்குள் கடினம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிவிடுகிறது. கோயில் மண்டபத் தரையில் செதுக்கிய கட்டத்தை வைத்து ஆடிய இந்த ஆட்டத்தை, கேம் உருவாக்கும் ஒவ்வொருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பத்து முறையாவது ஆடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

எளிய விதிகள் பல ஒன்றுசேர்ந்து கடினமாவதை 1980-இல் நாம்கோ வெளியிட்ட, தோரு இவாதானி வடிவமைத்த, பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் பேக்மேன் ஆட்டத்தில் தெளிவாகக் காணலாம். நான்கு பேய்களுக்கும் தனித்தனிக் குணம். சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கிறது. இளஞ்சிவப்புப் பேய் உங்கள் முகம் நோக்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கிறது. ஆரஞ்சுப் பேய் தொலைவில் இருக்கும்வரை துரத்திவிட்டு, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடுகிறது. நீலப் பேயின் குறி, சிவப்புப் பேய் இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. தனியாக எடுத்தால் ஒவ்வொன்றையும் ஒரு குழந்தைகூட ஏமாற்றிவிடும். நான்கும் சேரும்போது பின்னால் ஒருவர் துரத்த, முன்னால் ஒருவர் மறிக்க, வலை பின்னியதுபோல் ஆகிறது. கவனிக்க வேண்டிய இன்னொன்று, பேக்மேனில் பாதைகளின் வடிவம் கடைசிவரை மாறுவதே இல்லை. பெரிய புள்ளியைத் தின்றதும் பேய்கள் பயந்து ஓடும் நேரம் படிப்படியாகக் குறைந்து, பிற்பகுதி நிலைகளில் இல்லாமலே போகிறது. புதிய வரைபடம் வரையாமலே நிலைகளைக் கடினமாக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

டெட்ரிஸ் வேறு வகை. 1980-களின் நடுவில் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் எதிரி என்று யாரும் இல்லை. ஏழு வடிவங்கள் மேலிருந்து விழுகின்றன, அவ்வளவுதான். அவசரத்தில் ஒரு கட்டையைத் தவறாக வைத்தால் அந்தத் தவறு அங்கேயே தங்கி, அடுத்து வருவதை வைக்க இடமில்லாமல் செய்கிறது. கடினத்தை உருவாக்குவது விளையாடுபவரின் பழைய முடிவுகளே. ‘மடை’யிலும் இப்படி ஒன்று தானாக அமைந்தது: முதல் வாரத்தில் மேல்மடை ஊர்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டவர், நான்காம் வாரத்தில் கீழே விடத் தண்ணீர் இல்லாமல் தவித்தார். இந்த வகைக் கடினத்தை யாரும் குறை சொல்வதில்லை, ஏனெனில் தவறு யாருடையது என்பது திரையிலேயே தெரிகிறது.

செயலுக்கும் விளைவுக்கும் இடையே உள்ள நேரம்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், நாங்கள் மிகுதியாகத் தடுமாறியது இங்கேதான். டெல்டாக்காரர்களுக்கு இது புதிதன்று. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வரவே சில நாட்களாகும், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாட்களாகும். இன்று எடுக்கும் முடிவின் பலன் இன்று தெரியாது. உண்மையிலிருக்கும் இந்தத் தாமதத்தை ஆட்டத்திலும் வைக்க வேண்டும் என்று விரும்பினோம். தலைப்பு மதகைத் திறந்தபின் கடைசி ஊருக்குத் தண்ணீர் போய்ச்சேர 40 நொடி என்று வைத்தோம்.

முதல் சோதனைக்கு வந்தவர்களில் தலைஞாயிறு பக்கத்துப் பெண் ஒருவர் இருந்தார். கடைமடை ஊரிலேயே வளர்ந்தவர் என்பதால் அவருக்கு ஆட்டம் உடனே பிடிபடும் என்று எதிர்பார்த்தோம். அவர் குறுவை முதல் நிலையிலேயே மூன்று முறை தோற்றார். ஏன் தோற்றீர்கள் என்று கேட்டதற்கு, “தெரியலை சார், தொறந்துதான் விட்டேன், தண்ணி வரவே இல்லை” என்றார். பதிவை எடுத்துப் பார்த்தபோது அவர் சரியான மதகைச் சரியான நேரத்தில் திறந்திருந்தது தெரிந்தது. பதினைந்து நொடி காத்திருந்து, ஒன்றும் நடக்காததால் தவறான மதகைத் திறந்துவிட்டோம் என்று எண்ணி அதை மூடியிருக்கிறார். தண்ணீர் வழியில் வந்துகொண்டிருந்தது. அதைத் திரையில் காட்ட நாங்கள் மறந்திருந்தோம்.

நாங்கள் 40 நொடியைக் குறைக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீரின் நுனி நகர்வது கண்ணுக்குத் தெரியும்படி வரைந்தோம். மதகின் மேல் விரலை வைத்தால், அங்கிருந்து ஒவ்வொரு ஊருக்கும் தண்ணீர் எத்தனை நொடியில் சேரும் என்று காட்டினோம். மறுநாள் வந்தவர்களும் அந்த நிலையில் தோற்றார்கள். ஆனால் கேட்டபோது சொன்ன பதில் மாறியிருந்தது: “முன்னாடியே தொறந்திருக்கணும் சார்.” அந்தப் பதில் வந்த அன்றுதான் ‘மடை’ ஒரு கேம் ஆயிற்று என்று நான் கருதுகிறேன். தோற்ற விளையாட்டுக்காரரால், அடுத்த முறை எதை வேறுவிதமாகச் செய்ய வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் உங்கள் கடினம் சரியான இடத்தில் இருக்கிறது. சொல்ல முடியாவிட்டால், தோல்வி எவ்வளவு அரிதாக நடந்தாலும் அந்த இடத்தைத் திருத்தத்தான் வேண்டும்.

அதிர்ஷ்டத்தைக் கடினம் என்று எண்ணிவிடாதீர்கள்

பரமபதத்தில் 100-ஐ நெருங்கும்போது பாம்பு கொத்திக் கீழே வருவது வருத்தமாக இருக்கும். ஆனால் அது கடினம் இல்லை. நூறு முறை ஆடியவரும் முதல் முறை ஆடுபவரும் அங்கே சமம். உங்கள் கேமில் ஒரு பகுதியை நன்கு பழகியவரும் புதியவரும் ஏறத்தாழ ஒரே அளவில் தோற்கிறார்கள் என்றால், அங்கே தாயக்கட்டைதான் ஆடிக்கொண்டிருக்கிறது.

அதிர்ஷ்டத்தை அடியோடு நீக்கவும் வேண்டியதில்லை, கட்டுப்படுத்தினால் போதும். இன்றைய டெட்ரிஸ் ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து, பை காலியானபின் மறுபடி ஏழையும் போடுகிறார்கள். அதனால் நீளக் கட்டை ஒன்று வந்தபின் அடுத்த நீளக் கட்டை வருவதற்குள் அதிகபட்சம் பன்னிரண்டு வேறு கட்டைகளே வர முடியும். எது எப்போது வரும் என்று சரியாகத் தெரியாது, ஆனால் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று தெரியும். ‘மடை’யின் மழையை இப்படித்தான் திருத்தினோம். முதலில் மழை முற்றிலும் தற்செயலாகப் பெய்தது. ஒரு சிலருக்கு ஐப்பசி முழுதும் ஒரு சொட்டு இல்லை, வேறு சிலருக்கு வெள்ளம். பிறகு பத்து நாட்களுக்கான வானிலையைப் பத்துச் சீட்டுகளாக எழுதிக் குலுக்கி வைத்தோம். எந்த நாளில் என்பது மட்டும் மாறியது.

தண்டனையை அளந்து பாருங்கள்

ஒரு இடம் கடினமாக இருப்பதும், அங்கே தோற்றால் இழப்பது மிகுதியாக இருப்பதும் இரண்டு வேறு செய்திகள். 2018-இல் வந்த செலஸ்ட் ஆட்டத்தில் தாவல்கள் மிகக் கடினமானவை. ஆனால் விழுந்த மறுகணமே அதே திரையின் தொடக்கத்தில் மறுபடி நிற்பீர்கள். 2011-இல் வந்த டார்க் சோல்ஸில் இறந்தால் அதுவரை சேர்த்த ஆன்மாக்கள் (அந்த ஆட்டத்தில் பணம் போன்றவை) இறந்த இடத்திலேயே கிடக்கும். கடைசியாக இளைப்பாறிய தீ மூட்டத்திலிருந்து அந்த இடம்வரை திரும்ப நடந்து மீட்க வேண்டும், வழியில் மறுபடி இறந்தால் அவை போய்விடும். இரண்டும் பலர் விரும்பி ஆடும் ஆட்டங்கள். முன்னது தாவலைச் சரியாகச் செய்வதைப் பற்றியது, எனவே அதற்கு இடையில் வேறெதுவும் நிற்கக் கூடாது. பின்னது எச்சரிக்கையோடு நடப்பதைப் பற்றியது, எனவே இழப்பின் அச்சம் அங்கே வேண்டும்.

உங்கள் கேமில் ஒரு கடிகாரத்தை வைத்து அளவெடுங்கள்: தோற்ற கணத்திலிருந்து, தோற்ற அதே முடிவை மறுபடி எடுக்கும் இடத்துக்கு வர எத்தனை நொடி ஆகிறது? ‘மடை’யில் முதலில் அது மூன்று நிமிடமாக இருந்தது. அந்த மூன்று நிமிடத்தில் விளையாடுபவர் ஏற்கெனவே சரியாகச் செய்யத் தெரிந்ததையே திரும்பச் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலிருந்தும் மறுபடி தொடங்கலாம் என்று மாற்றியபின் அது முப்பது நொடிக்குள் வந்தது. தோற்கும்போது ஓடும் நீண்ட அசைபடமும், தவிர்க்க முடியாத விளம்பரமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

படித்துறை போல இறக்குங்கள்

காவிரிப் படித்துறையில் குழந்தைகளுக்கு நீந்தப் பழக்குகிறவர்கள் முதல் நாளே ஆழத்தில் விடுவதில்லை. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு என்று படிப்படியாக இறக்குகிறார்கள். புதிய படியில் கால் வைக்கும்போது கை பழைய படியைப் பிடித்திருக்கும். கேமிலும் புதிய ஒன்றை அறிமுகப்படுத்தும்போது, தோற்றாலும் இழப்பில்லாத இடத்தில் தனியாகக் காட்டுங்கள். அடுத்து, ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு சேர்த்துக் கொடுங்கள். அதன்பின்தான் நேர நெருக்கடி. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் முதல் திரையிலேயே ஒரே ஒரு எதிரி தனியாக நடந்து வருகிறான். சும்மா நின்றால் அவன் மோதி இறப்பீர்கள், தாவினால் தப்பிப்பீர்கள். எழுத்தில் எந்த விளக்கமும் இல்லாமல், தாவுவது என்ற முக்கியச் செயல் அங்கே கற்பிக்கப்படுகிறது. ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளே ஆனதால் இழப்பும் இல்லை.

ஒரே சரிவாகக் கடினத்தை ஏற்றிக்கொண்டே போவதும் தவறு. ஒரு கடினமான நிலைக்குப் பின் சற்று எளிதான ஒன்று வர வேண்டும். அங்கேதான் தாம் தேறியிருப்பதை விளையாடுபவர் உணர்வார்.

எண்களைக் கூட்டாமல் அடுத்த படிக்கு இறக்கும் வழி ஒன்றை ‘மடை’யின் சம்பாப் பகுதியில் கண்டோம். குறுவை முழுதும் தண்ணீரைக் கொண்டுசேர்ப்பதே பாடு. சம்பாவில் வடகிழக்குப் பருவமழை வரும்போது அதே வாய்க்கால்கள், அதே மதகுகள், ஆனால் இப்போது வயலில் நிற்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். கடைமடை ஊருக்கு முன்பு தண்ணீர் கடைசியாக வந்ததுபோலவே இப்போது வடிவதும் கடைசியாகத்தான். குறுவையில் கற்றதெல்லாம் உதவுகிறது, ஆனால் தலைகீழாக. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நான் அன்று. வலங்கைமானிலிருந்து வந்த ஒரு மாணவர், தங்கள் வயல் மழையில் மூழ்கிய ஆண்டை நினைவுகூர்ந்து சொன்னார்.

விளையாட வைத்துப் பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள்

உருவாக்கியவருக்குத் தம் கேமின் கடினம் தெரியாது. உலகத்திலேயே அதை அதிக முறை ஆடியவர் அவர்தான். ஆகவே முதல் நிலை உங்களுக்குச் சலிப்பாக இருந்தால்தான் புதியவருக்கு ஏற்றதாக இருக்கும். ஐந்தாறு பேரைக் கூப்பிடுங்கள். முன்பு ஆடிப் பார்க்காதவர்களாக இருக்க வேண்டும். கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எதையும் விளக்காதீர்கள். அவர்கள் தவறான இடத்தைத் தொடும்போது சொல்லிவிட மனம் துடிக்கும். சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீணாகிவிடும். ஒரு நோட்டில் நான்கு செய்திகளை மட்டும் எழுதுங்கள்: எங்கே தோற்றார், அப்போது என்ன சொன்னார், மறுபடி தொடங்கினாரா, எங்கே முகம் திரையை விட்டுத் திரும்பியது.

‘மடை’யைக் காட்டியபோது ஆற்றுப் பாசனத்தில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரும் ஆடிப் பார்த்தார். எந்த ஊருக்கு எப்போது திறப்பது என்ற முடிவுகளை எங்கள் அனைவரையும்விடச் சிறப்பாக எடுத்தார். ஆனால் சுண்டுவிரல் நகம் அளவே இருந்த மதகுப் படத்தை அவரால் சரியாகத் தொட முடியவில்லை. வெயில் விழும் திண்ணையில் நீலமும் பச்சையும் ஒன்றாகவே தெரிந்தன. நாங்கள் வேண்டுமென்று வைத்த கடினத்தில் வென்றவரை, வைக்காத கடினம் தோற்கடித்தது. மதகுகளைப் பெரிதாக்கினோம், படத்துக்கு வெளியேயும் கொஞ்சம் தூரம்வரை தொடுகையை ஏற்கச் செய்தோம், நிறத்தோடு கோட்டின் தடிமனையும் மாற்றினோம். நம் பக்கத்தில் கேம் வெளியிடுகிறவர்கள் வெயிலிலும், பழைய கைப்பேசியிலும், ஒலியை அணைத்துவிட்டும் ஒருமுறை ஆடிப் பார்த்தே ஆக வேண்டும்.

தாவும் ஆட்டங்களிலும் இத்தகைய சலுகைகள் உண்டு. செலஸ்ட்டில் விளிம்பைவிட்டுக் கால் நழுவியபின்னும் பத்தில் ஒரு நொடி அளவுக்குத் தாவ அனுமதி இருக்கிறது. பல ஆட்டங்களில் நாயகன்மீது அடி படும் பரப்பு, அவன் உருவத்தைவிடச் சிறியதாக வைக்கப்படுகிறது. விளையாடுபவர் இவற்றைக் கவனிப்பதில்லை. நேர்மையாக நடத்தப்படுகிறோம் என்ற உணர்வு மட்டும் அவருக்கு ஏற்படுகிறது.

எண்களை மாற்றும் முறை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். முதல் முறை மாற்றும்போது இரட்டிப்பாக்குங்கள் அல்லது பாதியாக்குங்கள். சிவிலைசேஷன் ஆட்டத்தை வடிவமைத்த சிட் மையர் பரிந்துரைக்கும் வழி இது. ஐந்து விழுக்காடு மாற்றினால் மாற்றத்தின் விளைவே தெரியாமல் நாட்கள் போய்விடும். இரட்டிப்பாக்கியும் ஒன்றும் மாறவில்லை என்றால், சிக்கல் அந்த எண்ணில் இல்லை என்பதாவது உறுதியாகிவிடும்.

எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்வுகள் கொடுப்பதானால், எதிரியின் பலத்தை மட்டும் பெருக்கி வகுக்காமல், எந்தக் கடினத்தைத் தளர்த்துகிறீர்கள் என்று சொல்லுங்கள். செலஸ்ட் இதற்கென்றே ஓர் உதவி முறையை வைத்திருக்கிறது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், அடிபட்டால் சாகாமல் இருக்கலாம், தேவையானதை மட்டும் தேர்ந்துகொள்ளலாம். எளிய நிலைக்கு இழிவான பெயர் வைக்காதீர்கள். 1992-இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி ஆட்டத்தில் மிக எளிய நிலையைத் தேர்ந்தால் நாயகனுக்குக் குழந்தைக் குல்லாய் மாட்டி வாயில் ரப்பர் சப்பானைக் கொடுத்திருப்பார்கள். விரலில் நடுக்கம் உள்ள ஒருவருக்கும், முதல் முறை ஆடும் ஒரு தாய்க்கும் அப்படியொரு படத்தைக் காட்ட எனக்கு மனம் வராது. ‘மடை’யில் நேரம் குறைவான நிலை, நேரம் தாராளமான நிலை, நேரக் கட்டுப்பாடே இல்லாத நிலை என்று அவற்றின் இயல்பையே பெயராக வைத்தோம்.

விளையாடுபவருக்குத் தெரியாமல் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டங்களும் உள்ளன. 2005-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 அப்படிப்பட்டது. நன்றாக ஆடினால் எதிரிகள் முரட்டுத்தனம் கொள்வார்கள், தடுமாறினால் தணிவார்கள். சண்டை ஆட்டங்களுக்கு இது பொருந்தலாம். திட்டமிட்டு ஆடும் ஆட்டங்களில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நேற்றுச் செய்ததையே இன்றும் செய்தவருக்கு விளைவு வேறாக வந்தால் அவரால் எதையும் கற்க முடியாது.

எல்லோருக்கும் போதாத தண்ணீர்

கடைசியாக, எங்களை அதிகம் வாதிட வைத்த தாளடிப் பகுதி. அதன் இறுதி நிலையில் இருக்கும் தண்ணீர் எல்லா ஊர்களுக்கும் பற்றாது. முதல் வடிவத்தில், ஏதேனும் ஒரு ஊரின் பயிர் வாடினாலும் தோல்வி என்று வைத்திருந்தோம். எவ்வளவு ஆடியும் யாராலும் வெல்ல முடியவில்லை. முடியாததை முடியும் என்று காட்டுவது நியாயமில்லை என்று மாணவர்களில் பாதிப்பேர் நீக்கச் சொன்னார்கள். ஆனால் எங்கள் தாளில் எழுதியிருந்த அந்த ஒரு வாக்கியம் முழு எடையோடு வந்து நிற்பது அந்த நிலையில்தான் என்பதால் எனக்கு நீக்க மனமில்லை.

முடிவில் இப்படி மாற்றினோம். நிலை தொடங்கும் முன்பே மொத்தத் தண்ணீர் எவ்வளவு, ஒவ்வொரு ஊருக்கும் தேவை எவ்வளவு என்று காட்டிவிடுகிறோம். பற்றாது என்பது முதலிலேயே தெரியும். பயிர் வாடினாலும் ஆட்டம் நிற்காது; அந்த ஊரின் பெயர் அடுத்த பருவத்தின் முறைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போகும். தலைஞாயிற்றுப் பெண் மறுபடி வந்து ஆடினார். முதல் முறை கடைமடை ஊர்கள் எல்லாவற்றுக்கும் விட்டுவிட்டு மேல்மடையில் இரண்டு ஊர்களை இழந்தார். இரண்டாவது முறை ஓர் ஊரை மட்டும் இழந்தார். மூன்றாவது முறை தொடங்குவதற்கு முன் என்னிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, எந்த மதகை எந்த நொடியில் திறப்பது, எதை மூடுவது என்று வரிசையாக எழுதிக்கொண்டு, அதன் பிறகுதான் திரையைத் தொட்டார்.